கை சரி, நாக்குதான் தப்பு

சிறுநீரகம் கெட்டுக்கொண்டு வருவதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று, புதிதாக நர்ஸ் வேலைக்குச் சேர்ந்திருக்கும் பெண்கள் நீங்கள் நாலு வார்த்தை எழுதித் தரச் சொன்னீர்கள். நாலு வார்த்தையோடு நிறுத்தும் பழக்கம் எனக்கு இல்லை. என்னோடு டியூட்டி பார்த்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள். அறிகுறிகளின் பட்டியல் உங்கள் பாடப் புத்தகத்தில் இருக்கிறது. நானும் அதை மனப்பாடம் செய்து, பரீட்சையில் எழுதி, நல்ல மார்க் வாங்கியவள்தான். அதற்கப்புறம் இருபத்தெட்டு வருஷம் ஊசி போட்டு அனுபவம் சேர்த்துக்கொண்டேன். ஒருநாள் அந்தப் பட்டியல் முழுவதும் ஒரு ஆளாக வந்து என் எதிரில் ஸ்டூலில் உட்கார்ந்தது. நான் அவருக்குச் சமாதானம் சொல்லி வீட்டுக்கு அனுப்பிவைத்தேன். அந்தக் கதையைத்தான் எழுதப்போகிறேன். பட்டியலை அதற்குள்ளிருந்து நீங்களே பொறுக்கிக்கொள்ளுங்கள்.

திருத்தணியில் மலையடிவாரத்தில், பன்னிரண்டு கட்டில் போட்ட சின்ன நர்சிங் ஹோம் எங்களுடையது. ஒரு டாக்டர், மூன்று நர்ஸ். அதில் நான் மூத்தவள் என்பதால் டாக்டருக்கும் சேர்த்து அதிகாரம் செய்துகொண்டிருந்தேன். படியேறி மூச்சு வாங்குகிறவர்கள், காவடியோடு கால் பிசகியவர்கள், வெறும் வயிற்றில் மொட்டை போட்டுக்கொண்டு மயங்கி விழுந்தவர்கள் என்று எங்களுக்கு எப்போதும் கூட்டம்தான்.

சபேசன் வந்தது ஒரு மாசி மாதக் காலையில். மலைக்கோயில் மடைப்பள்ளியில் தலைமுறையாகச் சமைக்கும் குடும்பம். அவருடைய முறை வரும் நாட்களில் மலையில் சமைப்பார். மற்ற நாட்களில் கல்யாணம், காதுகுத்து என்று வெளிச் சமையல். ஐம்பத்தாறு வயது. நான் பள்ளிப்பட்டுப் பக்கத்து விவசாயக் குடும்பம். எங்கள் பக்கத்தில் கோயில் ஆட்கள் யாரையும் சாமி என்றுதான் கூப்பிடுவோம். அவர் மனைவியை ஊரே மாமி என்றது, நானும் அப்படியே.

"டோக்கன் போடட்டுமா சாமி?" என்று கேட்டேன்.

"டாக்டர் வேண்டாம் சிஸ்டர். ஒரு சர்டிபிகேட் மட்டும் வேணும்."

"இன்னா சர்டிபிகேட்டு?"

"எங்காத்துக்காரிக்குச் சமையல் மறந்துபோச்சுன்னு."

ஊசி அறையில் பஞ்சு வெட்டிக்கொண்டிருந்த பெண் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். நான் மூத்தவள் அல்லவா, முகத்தை மாற்றாமல் பிரஷர் கருவியை எடுத்து அவர் கையில் சுற்றினேன். அவர் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனார்.

"ரெண்டு மாசமாச்சு சிஸ்டர். ரசம் வெச்சாலும் சரி, காப்பி போட்டாலும் சரி, இரும்புக் கரண்டிய நக்கினாப்ல இருக்கு. காலம்பற பல் தேய்க்கறச்சே குமட்டறது. அவ இட்லி வரப்போறதுன்னு வயித்துக்கே தெரிஞ்சுபோயிடறது. சோப்ப வேற மாத்திட்டா. உடம்பெல்லாம் அரிப்பு. சொறிஞ்சு சொறிஞ்சு கை ரணமாயிடுத்து. ராத்திரி அவ விடற கொறட்டையில தூக்கம் கெடையாது, கார்த்தால கண்ணாடி பாத்தா கண்ணு ரெண்டும் வீங்கியிருக்கு. சாயங்காலம் ஆனா கால்ல செருப்பு ஏறல. அது அவளால இல்ல, அத ஒத்துக்கறேன். நாள் பூரா அடுப்பு முன்னாடி நிக்கறேன், மலைப்படி ஏறறேன்."

"முட்டி வலிக்குதா?"

"அதுக்கு மூணு வருஷமா மெடிக்கல்ல மாத்திரை வாங்கிப் போட்டுண்டிருக்கேன். தெனம் ரெண்டு. இப்போதைக்கு அது ஒண்ணுதான் வயித்துல தங்கறது."

புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு சரிபாருங்கள். ஒன்று விடாமல் சொல்லிவிட்டார். பிரஷர் நூற்றெழுபதுக்கு நூறு இருந்தது. அதற்கு நான் சொன்ன வைத்தியம் இது.

"வீட்ல இவ்ளோ சண்டை போட்டா ஏறத்தான் செய்யும் சாமி. மனச லேசா வெச்சுக்குங்க. ரெண்டு நாள் கழிச்சு வாங்க, இன்னொரு தபா பாக்கலாம்."

அவர் வரவில்லை. நான் கூப்பிடவும் இல்லை. சீட்டில் பிரஷரை எழுதவில்லை, டாக்டரிடம் சொல்லவும் இல்லை. சண்டைக்கு யாராவது சீட்டுப் போடுவார்களா?

மறுநாள் மாமி வந்தார். கையில் நாலு அடுக்கு டிபன் கேரியர்.

"சிஸ்டர், அவர் இங்க வந்து என் மானத்த வாங்கிட்டுப் போனார்னு கேள்விப்பட்டேன். நீங்க சாப்பிட்டுப் பாத்து, நடுநிலையா ஒரு வார்த்தை சொல்லணும்."

எலுமிச்சை ரசம், பருப்புத் துவையல், வாழைக்காய்ப் பொரியல், நாலாவது அடுக்கில் அடை. நடுநிலையாகச் சாப்பிட்டேன். பிறகு மற்ற இரண்டு நர்ஸும் நடுநிலையாகச் சாப்பிட்டார்கள். என்ன வாசனை என்று எட்டிப்பார்த்த டாக்டர் ஓர் அடையை எடுத்துக்கொண்டு போனார். இந்த ரசத்துக்குக் குறை சொல்கிறவன் நன்றி கெட்டவன் என்று தீர்ப்பு எழுதும் நிலையில் இருந்தேன்.

என் புத்தி எப்படி ஓடியது என்று சொல்கிறேன், ஏனென்றால் நீங்களும் இப்படித்தான் யோசிப்பீர்கள். போன வாரம்தான் மலையிலிருந்து அவர் கைப் புளியோதரை வந்தது. உப்பு, புளி, காரம் எதுவும் இம்மி பிசகவில்லை. அப்படியென்றால் ஆளுக்கு நாக்கு நன்றாக இருக்கிறது. மாமியின் ரசமும் நன்றாக இருக்கிறது. இரண்டும் நன்றாக இருக்கும்போது மனுஷன் குறை சொல்கிறான் என்றால், அது குணத்தில் உள்ள கோளாறு. கணக்கு எவ்வளவு அழகாக வந்தது பாருங்கள்.

"ஆம்பளைங்களுக்கு அம்பத்தஞ்சு தாண்டினா இப்டித்தான் மாமி. நல்லா இருக்கான்னு கேக்காதீங்க. தட்ட வெச்சிட்டு நகர்ந்துடுங்க," என்றேன்.

மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு, காலி கேரியரை எடுத்துக்கொண்டு போனார். ஒரு குடும்பத்தைச் சேர்த்துவைத்த நிம்மதியோடு நான் மத்தியானம் தூங்கினேன்.

அடுத்தது வைகாசி. என் தம்பி மகளுக்குக் கல்யாணம். கனகம்மாசத்திரத்தில் மெயின் ரோட்டு மேலேயே மண்டபம். மாப்பிள்ளை வீடு நகரிப் பக்கம். சாப்பாட்டு விஷயத்தில் அவர்கள் கொஞ்சம் கறார் என்று பேச்சு. சமையலுக்கு யாரைப் போடலாம் என்று தம்பி கேட்டபோது, யோசிக்காமல் சபேசன் பெயரைச் சொன்னது நான்தான். மாமி அதற்குள் கோபித்துக்கொண்டு அரக்கோணத்தில் அண்ணன் வீட்டுக்குப் போய் இரண்டு வாரம் ஆகியிருந்தது. அவருக்கும் தனியாகப் பத்திரிகை அனுப்பியிருந்தேன். வந்திருந்தார். புருஷன் இருக்கும் பக்கம் திரும்பாமல், முதல் பந்தியில் முதல் இலையில், பரீட்சைப் பேப்பர் திருத்த வந்தவர்போல உட்கார்ந்திருந்தார்.

காலை டிபன். பொங்கல், இட்லி, சாம்பார். முகூர்த்தத்துக்கு இன்னும் முக்கால் மணி நேரம். நான் பெண்ணுக்குப் பூ வைத்துக்கொண்டிருக்கிறேன், தம்பி ஓடிவருகிறான். நெற்றியெல்லாம் வேர்வை.

"அக்கா, நீ சொன்ன ஆளுதானே. போயி பாரு. சாம்பார்ல உப்பு மூட்டைய கவுத்துட்டாரு. ஒருத்தரும் வாயில வெக்கல. மாப்ள பெரியப்பா கத்திகினு இருக்காரு."

பந்திக்குப் போனேன். மாப்பிள்ளையின் பெரியப்பா நல்ல உயரம், மீசை. எதிரில் இலையை அப்படியே வைத்துவிட்டு எழுந்து நின்றிருந்தார்.

"ஏம்மா, நாங்க இன்னா தென்ன மரமா? இவ்ளோ உப்பு கொட்றீங்க. குடிக்கத் தண்ணி கேட்டா, அதுக்கும் ஆள் இல்ல."

மாமி மட்டும் அந்தச் சாம்பாரை ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்துக்கொண்டு, என்னைப் பார்த்தார். இத்தனை மாசம் பட்ட அவமானத்துக்கெல்லாம் சேர்த்து அந்தப் பார்வையில் சந்தோஷம் இருந்தது.

நான் சமையல்கட்டுக்குள் நுழைந்தது சண்டை போடத்தான். நர்ஸாக நுழையவில்லை, பெண்ணுக்கு அத்தையாக நுழைந்தேன். சபேசன் இரண்டாவது அண்டா சாம்பாருக்கு முன்னால் நின்றிருந்தார். கரண்டியால் கொஞ்சம் உள்ளங்கையில் விட்டு, வாயில் போட்டு, முகத்தைச் சுளித்தார். பிறகு உப்புப் பானைக்குள் கைவிட்டு ஒரு பிடி அள்ளினார். நான் பாய்ந்துபோய் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"சாமி, இன்னா பண்றீங்க? வெளிய ஜனங்க தண்ணிக்கு அடிச்சிகினு இருக்காங்க."

"சப்புன்னு கெடக்கு சிஸ்டர். உப்பே ஏறல. இரும்பு வாடைதான் தூக்கறது. உப்பு சரியில்ல, கடைக்காரன் ஏமாத்திட்டான்."

மாமி இரண்டு வாரமாக அரக்கோணத்தில். புது சோப்பும் அரக்கோணத்தில். குறட்டையும் அரக்கோணத்தில். ஆனால் வாயில் இரும்பு ருசி மட்டும் கனகம்மாசத்திரம் வரைக்கும் வந்திருக்கிறது. பழி போடப் பக்கத்தில் மனைவி இல்லாததால், உப்பின் மேல் போடுகிறார். எனக்குள் எங்கேயோ ஒரு சின்ன உறுத்தல்.

"அப்ப மலையில மட்டும் எப்டி சாமி சரியா வருது? போன முறையிலகூட உங்க பொங்கல் வந்துச்சே. ஒரு குறை இல்லியே."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். இத்தனை வருஷம் மலையடியில் இருந்துகொண்டு இது தெரியாதா என்கிற பார்வை.

"மலையில யார் வாயில வெச்சுப் பாக்கறா? ஸ்வாமிக்குக் காட்டறதுக்கு முன்னாடி நாம ருசி பாக்கலாமோ? கை அளவுதான். எங்கப்பா கை, அப்பறம் என் கை. வெளிச் சமையல்லதான் ருசி பாக்கறது."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. படையல் வைப்பதற்கு முன்னால் வடையைத் தொட்டதற்காக என் மகன் கையில் நானே அடித்திருக்கிறேன். இந்த ஊர்க்காரிக்கு, இந்த வழக்கம் தெரிந்தவளுக்கு, மலையில் வேலை செய்வது அவருடைய கை, நாக்கு அல்ல என்பது ஏன் தோன்றாமல் போனது? கையில் ஒன்றும் கெடவில்லை. நாக்குதான் கெட்டுப்போயிருக்கிறது. நாக்கு கெட்டது மாமியாலும் இல்லை, உப்பாலும் இல்லை.

மணிக்கட்டைப் பிடித்தபடி நின்றதால் அவர் மூச்சு என் முகத்தில் அடித்தது. வெற்றிலை வாடைக்கு அடியில் இன்னொரு நெடி. பஸ் நிலையத்துக் கழிப்பிடத்தைக் கடந்து போகும்போது வருமே, அது. சிறுநீரோடு வெளியே போக வேண்டியது போகாமல் உடம்பிலேயே தங்கினால் மூச்சில் வரும் என்று படித்திருக்கிறேன். பிடித்திருந்த கையைத் திருப்பிப் பார்த்தேன். நகத்தால் பிறாண்டிய கோடுகள், மேலே தடிப்பு எதுவும் இல்லை. காய்கறிக் கூடையைக் கவிழ்த்து அவரை உட்கார வைத்து, முழங்காலுக்குக் கீழே எலும்பு மேல் கட்டைவிரலால் அழுத்தினேன். விரலை எடுத்தபிறகும் குழி அப்படியே இருந்தது.

"சாமி, கூச்சப்படாம சொல்லுங்க. ஒண்ணுக்குப் போனா நொரைக்குதா?"

சமையல்காரரிடமிருந்து சமையல் பாஷையிலேயே பதில் வந்தது. "புளிச்ச மாவு பொங்கறாப்ல பொங்கறது."

"எவ்ளோ போவுது?"

"கொறைஞ்சுபோச்சு. அடுப்புச் சூட்டுல எல்லாம் வேர்வையா போயிடறதுன்னு இருந்துட்டேன்."

இவரிடம் எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் தயாராக இருந்தது. அதில் பாதிக் காரணத்தை எடுத்துக்கொடுத்தவள் நான். இவரை இப்போதே கொண்டுபோக வேண்டும். அவரிடம் சொன்னேன், கிட்னியில் கோளாறு இருக்கிறது, இந்த நிமிஷமே ரத்தம் பார்க்க வேண்டும் என்று.

"மத்தியானம் நானூறு இலை இருக்கு. நாளன்னிக்கு மலையில என் முறை ஆரம்பம். ஆஸ்பத்திரில படுத்து கண்டதையும் தொட்டுட்டு மடைப்பள்ளிக்குள்ள கால் வைக்க முடியாது. முறை முடியட்டும், பதினஞ்சு நாள்ல வரேன்."

பதினைந்து நாள். அந்த மூச்சு வாடையோடு பதினைந்து நாள் அவருக்கு இருக்கிறதா என்றே எனக்குத் தெரியவில்லை. ஐந்து நிமிஷம் நல்லபடியாகப் பேசிப் பார்த்தேன். அதட்டினேன். கெஞ்சினேன். அவர் கரண்டியை விடவில்லை. "இந்த அடுப்ப யார்கிட்ட குடுத்துட்டு வர்றது?" என்றார்.

"என்கிட்ட குடுங்கோ."

திரும்பிப் பார்த்தேன். வாசற்படியில் மாமி. சொல்லிக்காட்டிவிட்டுப் போகலாம் என்று எழுந்துவந்தவர், எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ தெரியாது. முகத்தில் அந்தச் சந்தோஷமெல்லாம் வடிந்துபோயிருந்தது. புடவைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளே வந்தார்.

சபேசன் நிமிர்ந்தார். "நீயா? உனக்குத்தான்..." என்று ஆரம்பித்து, மனைவியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

அதே நேரத்தில் பந்திப் பக்கத்திலிருந்து மீசைப் பெரியப்பா, சாம்பாரோடு இலையை ஏந்திக்கொண்டு எங்கள் பக்கம் நடந்து வருவது ஜன்னல் வழியே தெரிந்தது. பின்னால் ஏழெட்டுப் பேர்.

"சாமி, ரெண்டு வழிதான். முன்வாசல்ல போனா மாப்ள வீடு. பின்வாசல்ல போனா ஆஸ்பத்திரி. சீக்கிரம் சொல்லுங்க."

சபேசன் ஜன்னலை ஒருமுறை பார்த்தார். கரண்டியை மாமி கையில் கொடுத்தார். தான் ஊரெல்லாம் போய்த் தூற்றிய கையில் நானூறு இலையை ஒப்படைத்துவிட்டுப் போனார்.

பின்வாசலில் ஒரே ஒரு வண்டிதான் நின்றிருந்தது. பெண்ணும் மாப்பிள்ளையும் போவதற்காகத் தம்பி பிடித்திருந்த கார். ரோஜாவும் சம்பங்கியும் வைத்து ஜோடித்திருந்தார்கள். நான் சபேசனை உள்ளே தள்ளி, பக்கத்தில் ஏறிக்கொண்டு, திருத்தணிக்கு விடச் சொன்னேன். பட்டுப்புடவையில் நான், நெற்றி நிறைய விபூதியோடு அவர். டிரைவர் கண்ணாடியில் எங்கள் இரண்டு பேரையும் பார்த்தான். "பொண்ணு மாப்ள எங்கம்மா?" என்றான். "வண்டிய எடு," என்றேன்.

திருத்தணி பஸ் நிலையத்துப் பக்கம் நெரிசல். ஒரு கிழவர் ஜன்னலுக்குள் எட்டிப்பார்த்துக் கை உயர்த்தி ஆசீர்வாதம் செய்தார். சபேசன் பதிலுக்குக் கும்பிட்டார். சாய்ந்து உட்கார்ந்தால் மூச்சு முட்டியதால், வழியெல்லாம் நிமிர்ந்தே உட்கார்ந்து வந்தார். அவர் இடுப்பு மடிப்பிலிருந்து அந்த முட்டிவலி மாத்திரை அட்டையை வாங்கினேன். மூன்று வருஷமாக, தினம் இரண்டு, யாரையும் கேட்காமல். இந்த வலி மாத்திரைகளே கிட்னியைத் தின்றுவிடும் என்று நானே எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு ஊசி அறையில் அவர் அதைச் சொன்னபோது என் காது எங்கே போயிருந்தது?

நர்சிங் ஹோம் வாசலில் கார் நின்றது. காத்திருந்த பேஷண்டுகள் எல்லாரும் எழுந்து நின்றார்கள். எனக்கு நன்றாகப் பழக்கமான ஒரு அம்மா, "இந்த வயசுலயா சிஸ்டர்?" என்றாள்.

"ஆங். முகூர்த்தம் தப்பிப்போச்சு. வழிய வுடும்மா," என்றேன்.

ரிசல்ட் வர ஒரு மணி நேரம் ஆனது. பிரஷர் இருநூறைத் தொட்டிருந்தது. சிறுநீரில் புரதம் கொட்டியது. கிட்னி கழிக்க வேண்டிய கிரியாட்டினின் ரத்தத்தில் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்த்துவிட்டு டாக்டர் நேராக ஆம்புலன்சுக்குப் போன் செய்தார், சென்னைக்கு. அந்த நேரத்தில் என் போன் அடித்தது. தம்பி. "அக்கா, தாலி கட்டியாச்சு. நீ எங்க? காரு எங்க? பொண்ணு மாப்ள ரோட்ல நிக்கறாங்க." கல்யாண ஆல்பத்தில் இன்றுவரைக்கும் ஒரு படத்திலும் நான் இல்லை. என் தம்பி மகள் வருஷத்துக்கு ஒருதரம் அதை எடுத்துவைத்துக்கொண்டு என்னைத் தேடுவதுபோல நடிப்பாள்.

ஆம்புலன்ஸ் வந்து கிளம்ப மத்தியானம் ஆகிவிட்டது. அதற்கு முன்னால், முதல் பந்திச் சாப்பாட்டை முடித்துவிட்டு மாமி ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினார், உடம்பெல்லாம் பெருங்காய வாசனை. மாப்பிள்ளையின் பெரியப்பா மூன்றுமுறை சாம்பார் வாங்கிக்கொண்டார் என்று எனக்கு மட்டும் கேட்கும்படி சொல்லிவிட்டு, புருஷன் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார்.

அன்று சாயங்காலம் எல்லாவற்றையும் டாக்டரிடம் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. ஒரு வெள்ளைத்தாளை எடுத்து நடுவில் கோடு போட்டு, "மாசி மாசம் அவர் சொன்னத எல்லாம் எழுதுங்க சிஸ்டர். இடது பக்கம் தொந்தரவு. வலது பக்கம் அதுக்கு அவர் சொன்ன காரணம்," என்றார். எழுதினேன். வாயில் இரும்பு ருசி, மாமி சமையல். குமட்டல், மாமி இட்லி. அரிப்பு, சோப்பு. முக வீக்கம், குறட்டை. கால் வீக்கம், மலைப்படி. பிரஷர், சண்டை. இந்தக் கடைசிக் காரணம் மட்டும் நான் சொன்னது. டாக்டர் தாளை வாங்கி, வலது பக்கத்தைப் பின்னால் மடித்து என் முன்னால் வைத்தார். "இப்ப படிங்க."

இதை மட்டும் என்னிடமிருந்து வாங்கிக்கொள்ளுங்கள். வேறு ஒன்றும் சொல்லிக்கொடுக்கும் தகுதி எனக்கு இந்த விஷயத்தில் இல்லை. பேஷண்ட் தொந்தரவைச் சொல்லும்போதே காரணத்தையும் சேர்த்துச் சொல்வார். நம் ஊரில் காரணம் சொல்லாமல் யாரும் வியாதியைச் சொல்வதில்லை. மலை ஏறினேன், வெயிலில் நின்றேன், மருமகள் பேசினாள். கேட்டுக்கொள்ளுங்கள், சிரிக்கவும் சிரியுங்கள். பிறகு காரணங்களை மடித்துவிட்டு மறுபடி படியுங்கள். கறி மீன் விரும்பிச் சாப்பிட்டவர் திடீரென்று அதன் வாடையே ஆகவில்லை என்பார்; விக்கல் நிற்கவில்லை என்பார்; நாலு படி ஏறினால் களைப்பு என்பார். தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றுமே இல்லை. சர்க்கரை, பிரஷர் இருக்கிறவர்களில் பலருக்கு இந்தத் தொந்தரவு எதுவுமே இல்லாமல் உள்ளே கெட்டுக்கொண்டிருக்கும். அவர்கள் ஒன்றும் சொல்லாவிட்டாலும் சிறுநீரும் ரத்தமும் பார்க்கச் சொல்லுங்கள். பிரஷர் பார்த்தால், நீங்கள் என்ன நினைத்தாலும், சீட்டில் எழுதுங்கள்.

சபேசன் பிழைத்தார். மூன்றுமுறை டயாலிசிஸ் செய்தார்கள், வலி மாத்திரையை நிறுத்தினார்கள், பிரஷரை இறக்கினார்கள். கால் பழையபடி செருப்புக்குள் போனது. அந்தத் தடவை முறை போய்விட்டது. அதற்காக என்னோடு ஒரு மாசம் பேசவில்லை. இப்போது முறை வந்தால் படியேறாமல் பஸ்ஸில் மலைக்குப் போகிறார். சமையல் எப்போதும்போல. கைக்குத்தான் ஒன்றும் ஆகவில்லையே.

சென்னையில் வீட்டுக்கு அனுப்புகிற நாளன்று நானும் போயிருந்தேன். கிட்னி டாக்டர் சின்ன வயசுப் பெண். ரிப்போர்ட்டைப் புரட்டிக்கொண்டே மாமியிடம் சொன்னார்.

"கிட்னி மூணுல ஒரு பங்குதான் மிச்சம் இருக்கு. இத வெச்சு ஜாக்கிரதையா ஓட்டணும். ஒரு மூணு மாசம் முன்னாடி கூட்டிட்டு வந்திருந்தா இன்னும் நெறைய காப்பாத்தியிருக்கலாம். வீட்ல யாருமே கவனிக்கலையா?"

மாமி தலையைக் குனிந்துகொண்டார். அவருக்குத் தெரியும், மூன்று மாசத்துக்கு முன்னால் அவர் புருஷன் யாரிடம் போய் உட்கார்ந்தார் என்று. என்னைக் கைகாட்டியிருக்கலாம். காட்டவில்லை. அந்தப் பழியைத் தன் மேல் போட்டுக்கொண்டு அப்படியே நின்றார்.

"அவங்க மேல தப்பில்ல டாக்டர். அவர் என்கிட்ட வந்தாரு. நான் நர்சு. பிரஷர் நான்தான் பாத்தேன், ஒசந்துதான் இருந்துச்சு. எழுதாம வூட்டுக்கு அனுப்பிட்டேன்."

அந்தப் பெண் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

வராண்டாவில் போய் நின்று அழுதேன். மாமி பின்னாலேயே வந்தார். ஆறுதல் சொல்லப்போகிறார், அதைத் தாங்க முடியாதே என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"அழறத அப்பறம் பாத்துக்கலாம் சிஸ்டர். என்ன போடலாம், என்ன போடக்கூடாதுன்னு எழுதிக்குடுங்கோ. டாக்டர் இங்கிலீஷ்ல குடுத்துட்டா."

கண்ணைத் துடைத்துக்கொண்டு, பெஞ்சில் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தேன். மாமி அதைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு படித்தார்.

"உப்பு கொஞ்சூண்டு. ஊறுகா கூடாது. அப்பளம் கூடாது. பருப்பு கொறைக்கணும். காய வேகவெச்சுத் தண்ணிய வடிக்கணும்." நிமிர்ந்தார். "இதுல ருசின்னு என்னதான் சிஸ்டர் இருக்கும்?"

"ஒண்ணும் இருக்காது மாமி."

அவர் தாளை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

"சரி. இனிமே அவர் குத்தம் சொன்னா, நெஜமாத்தான் சொல்வார்," என்றபடி புருஷனைக் கூட்டிவர உள்ளே போனார்.